பொட்டலக் காகிதம் திரட்டிய ஆயர்

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில், எழுதிய காகிதம் வெற்றுக் காகிதமாகவே விலைபோனது. அன்றைய தாள் கந்தல் துணியை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, ஒவ்வொன்றாகக் கையால் வார்த்து எடுத்தது. விலையும் அதிகம், உழைப்பும் அதிகம். அதனால் ஒரு பெரியவர் இறந்து வீட்டைக் காலி செய்யும்போது, பெட்டி பெட்டியாகக் கிடந்த கடிதங்களையும் கணக்குகளையும் யாரும் வீணாக்கவில்லை. எடைபோட்டுக் கடைக்கு விற்றார்கள். புகையிலை மடிக்கவும், மிளகுப் பொட்டலம் கட்டவும், அடுமனையில் வேகும் பண்டத்துக்கு அடியில் விரிக்கவும் அவை பயன்பட்டன.

பழைய நாடகங்களின் கையெழுத்துப் படிகளைச் சேர்த்து வைத்திருந்த ஜான் வார்பர்ட்டன் என்பவரின் வீட்டில், வேலையாள் அவற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றை எரித்தும் பண்டங்களுக்கு அடியில் விரித்தும் தீர்த்துவிட்டதாக அவரே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். தப்பியவை மூன்றோ நான்கோதான். ஆங்கில நாடக வரலாற்றில் அந்தப் பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது.

அதே லண்டனில், அதே கடைகளின் வாசலில் ஏறி இறங்கி, பொட்டலமாகப் போகவிருந்த காகிதங்களைக் காசு கொடுத்து மீட்டவர் ரிச்சர்ட் ராலின்சன். கேன்டர்பரி பேராயராக இருந்த வில்லியம் வேக் 1737-ல் இறந்தபோது தம் கையெழுத்துப் படிகளை ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்கு எழுதி வைத்தார். அவருடைய தாள்களில் சில லண்டனில் ஒரு சில்லறை மளிகைக் கடையில் கிடப்பதை ராலின்சனின் ஆள் பார்த்துவந்து சொன்னார். நாட்டின் தலைமைக் குருவின் தாள்களுக்கே அந்தக் கதி என்றால், பெயர் தெரியாத ஒரு வணிகரின் கடிதக் கட்டு என்ன ஆகியிருக்கும்? அந்தக் கேள்விதான் ராலின்சனை வாழ்நாள் முழுதும் ஓட்டியது என்று நினைக்கிறேன்.

அவர் 1690 ஜனவரி 3 அன்று லண்டனின் ஓல்ட் பெய்லி பகுதியில் பிறந்தார். தந்தை சர் தாமஸ் ராலின்சன் 1705-ல் லண்டன் மாநகரத்தின் மேயரானவர். பணத்துக்குக் குறைவில்லாத குடும்பம். புனித பால் பள்ளி, ஈட்டன், பிறகு ஆக்ஸ்போர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி என்று படிப்பு முடிந்தது. புத்தகப் பித்து குடும்பத்தில் ஏற்கெனவே இருந்தது. அண்ணன் தாமஸ் தம் அறைகளைப் புத்தகங்களால் நிரப்பி, படுக்க இடமில்லாமல் நடைவழியில் தூங்கியவர். பிறகு ஆல்டர்ஸ்கேட் தெருவில் இருந்த லண்டன் ஹவுஸ் என்ற பெரிய மாளிகைக்கு மாறி, அங்கும் காகித மலைகளுக்கு நடுவே, தூசும் ஒட்டடையுமாக வாழ்ந்து, 1725-ல் கடனோடு இறந்தார். அவர் நூல்களை விற்கப் பல ஏலங்கள் தேவைப்பட்டன. கையெழுத்துப் படிகள் ஏலத்துக்கு வந்தபோது ஆண்டு 1734 ஆகிவிட்டது. இத்தாலியில் சுற்றிக்கொண்டிருந்த தம்பி 1726-ல் திரும்பிவந்து அந்தச் சுமையைத் தோளில் ஏற்றார். அண்ணனுடைய வாழ்க்கையிலிருந்து அவர் கற்றது, சேர்ப்பதை நிறுத்த வேண்டும் என்பதை அல்ல. சேர்த்தது தனக்குப் பின் சிதறிப்போகக்கூடாது என்பதைத்தான்.

இங்கே அவருடைய சமய நிலையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1688 புரட்சியில் இரண்டாம் ஜேம்ஸ் அரியணை இழந்தார். புதிய அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த ஆங்கிலிக்கத் திருச்சபையினர் சிலர் தனியே நின்றார்கள். பதவி கிடைக்காது, பல்கலைக்கழகத்தில் முன்னேற முடியாது, அரசின் சந்தேகம் எப்போதும் கூடவே வரும். ராலின்சன் அந்தச் சிறு கூட்டத்தில் 1716-ல் குருவானார்; 1728-ல் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆனால் ஆயர் என்பதை ஊரறியச் சொல்லிக்கொள்ளவில்லை. கடைக்காரர்களுக்கும் ஏலக்காரர்களுக்கும் அவர் பழைய தாள் வாங்க வரும் 'டாக்டர் ராலின்சன்', அவ்வளவுதான்.

இந்த வாழ்க்கைக்கும் அவர் சேர்த்த விதத்துக்கும் தொடர்பு இருக்கிறது. ஒதுக்கப்பட்டவர், ஒதுக்கப்பட்டதைச் சேர்த்தார். அன்றைய பெருஞ்சேகரிப்பாளர்கள் பலரும் அழகான படிகளைத் தேடினார்கள்: பொன் வேலைப்பாடு கொண்ட ஜெபப் புத்தகங்கள், செம்மொழி நூல்களின் பழம்படிகள். ராலின்சனிடமும் அவை உண்டு. ஆனால் அவற்றோடு கப்பல் ஆவணங்களையும், வீட்டுச் செலவுக் கணக்குகளையும், சமையல் குறிப்புகளையும், பிரசங்கக் குறிப்பேடுகளையும், யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்களையும், ஒரே வேகத்தில் வாங்கிச் சேர்த்தார். தேர்ந்தெடுக்கத் தெரியாதவர் என்று பேசியவர்கள் உண்டு. இன்று பார்க்கும்போது, தேர்ந்தெடுக்காததுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பேன்.

அப்படி வந்துசேர்ந்தவற்றில் சிலவற்றைப் பார்ப்போம். ஆலிவர் கிராம்வெல்லின் செயலாளராகவும் உளவுத்துறைத் தலைவராகவும் இருந்த ஜான் தர்லோவின் அரசு ஆவணங்கள், லிங்கன்ஸ் இன் கட்டடத்தில் மாடி அறை ஒன்றின் பொய்க் கூரைக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. மூன்றாம் வில்லியம் காலத்தில் அவை வெளிப்பட்டன. கைமாறிக் கைமாறி, 1742-ல் தாமஸ் பிர்ச் ஏழு தொகுதிகளாக அச்சிட்ட பின், மூலத் தாள்களை 1751-ல் ராலின்சன் வாங்கினார். மொத்தம் 67 கட்டுகள். அச்சாகிவிட்டதே, இனி மூலம் எதற்கு என்று அவர் நினைக்கவில்லை. சாமுவேல் பீப்ஸின் புகழ்பெற்ற நாட்குறிப்பு கேம்பிரிட்ஜில் இருக்கிறது. ஆனால் அவர் கடற்படை நிர்வாகியாக இருந்த காலத்துத் தாள்களில் ஒரு பெரும்பகுதி ராலின்சன் கையில் வந்து சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கடற்படையைப் பற்றி எழுதும் எவரும் அந்தக் கட்டுகளைத் தாண்டிப் போக முடியாது.

ராலின்சனின் நண்பர் தாமஸ் ஹெர்னின் கதை என்னை மிகவும் உலுக்குவது. ஹெர்ன் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் துணைக் காப்பாளர். 1716-ல் பிரமாணம் எடுக்க மறுத்தார். பதவி போயிற்று. சாவி அவரிடமே இருந்தது. நூலகத்தார் பூட்டை மாற்றிவிட்டார்கள். அதன் பிறகும் ஆக்ஸ்போர்டை விட்டு அகலாமல், பழைய வரலாற்று நூல்களைப் பதிப்பித்துக்கொண்டும், கண்டதையும் கேட்டதையும் நாள்தோறும் எழுதிக்கொண்டும் இருந்தார். 1735-ல் இறந்தபோது 145 குறிப்பேடுகள் மிஞ்சின. அவற்றை உரிமையாகப் பெற்றவரிடமிருந்து ராலின்சன் 100 கினி கொடுத்து வாங்கினார். பிறகு தம் உயிலின் மூலம் அவற்றைச் சேர்ப்பித்தது அதே போட்லியன் நூலகத்தில்தான். பூட்டை மாற்றி ஒரு மனிதரை வெளியே நிறுத்திய இடத்தில், அவர் கையால் எழுதிய ஒவ்வொரு ஏடும் இன்று பத்திரமாக இருக்கிறது.

ராலின்சன் 1755 ஏப்ரல் 6 அன்று இஸ்லிங்டனில் இறந்தார். உடல் ஆக்ஸ்போர்டின் செயின்ட் ஜைல்ஸ் ஆலயத்தில் அடக்கமாயிற்று. இதயத்தைத் தனியே எடுத்து, பளிங்குக் கலயத்தில் வைத்து, செயின்ட் ஜான்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில் வைத்தார்கள். அது அவர் விருப்பம். ஸ்டூவர்ட் வம்சத்துக்காகச் சதி செய்ததாக 1723-ல் தூக்கிலிடப்பட்ட கிறிஸ்டோபர் லேயரின் தலையைத் தம் வலக்கையில் வைத்துப் புதைக்கச் சொன்னார் என்றொரு கதையும் அவரைச் சுற்றி உலவியது. நடந்ததோ இல்லையோ, அவர் விசுவாசம் எப்படிப்பட்டது என்று ஊர் நினைத்தது என்பதை அந்தக் கதை காட்டுகிறது.

அச்சு நூல்கள் ஏலத்துக்கு வந்தன. பின்னாளில் சோதபீஸ் என்று பெயர்பெற்ற நிறுவனத்தைத் தொடங்கிய சாமுவேல் பேக்கர் 1756-ல் நடத்திய அந்த ஏலம் 50 நாள் நீடித்தது. 20,000-க்கும் மேற்பட்ட துண்டு நூல்களுக்கு இன்னும் 10 நாள் தேவைப்பட்டது. கையெழுத்துப் படிகளை மட்டும் அவர் சந்தைக்கு விடவில்லை. 5,000-க்கும் மேற்பட்ட படிகள் போட்லியனுக்குப் போயின.

உயிலில் ஒரு பேராசிரியர் பதவியும் இருந்தது. பழைய ஆங்கில மொழியான ஆங்கிலோ-சாக்சனைக் கற்பிக்க ஆக்ஸ்போர்டில் ஒரு நிரந்தரப் பதவி வேண்டும் என்று அவர் நில வருமானத்தை ஒதுக்கினார். அக்காலத்தில் அந்த மொழியைச் சீந்துவார் இல்லை. பேவுல்ஃப் காவியத்தின் ஒரே கையெழுத்துப் படி 1731-ல் லண்டன் ஆஷ்பர்னம் ஹவுஸ் தீ விபத்தில் ஓரம் கருகித் தப்பியபோதுகூட, அது என்ன நூல் என்று அறிந்தவர்கள் மிகச் சிலர். அப்படிப்பட்ட மொழிக்குத் தம் செல்வத்தைக் கொடுத்தது தொலைநோக்கு. ஆனால் கூடவே அவர் எழுதி வைத்த நிபந்தனைகளை என்னால் பாராட்ட முடியாது. பேராசிரியர் மணமாகாதவராக இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு மேல் பதவியில் இருக்கக்கூடாது. ஸ்காட்லாந்திலோ அயர்லாந்திலோ கடல் கடந்த குடியேற்றங்களிலோ பிறந்தவரும், அவர்களுடைய மகன்களும் கூடாது. ராயல் சொசைட்டி உறுப்பினரும், தொல்பொருள் ஆய்வாளர் சங்கத்தின் உறுப்பினரும் கூடாது. அவரே அந்த இரண்டு அமைப்புகளிலும் உறுப்பினராக இருந்தவர். தொல்பொருள் சங்கத்தில் தம் அரசியல் காரணமாக ஓரங்கட்டப்பட்ட மனவேதனை உயிலின் வரிகளுக்குள் அப்படியே இறங்கியிருக்கிறது. தாம் பட்ட ஒதுக்கலைப் பிறருக்கும் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

காலம் அந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டது. பதவிக்கான வருமானம் நாற்பது ஆண்டு சேர்ந்து, முதல் பேராசிரியர் 1795-ல் நியமிக்கப்பட்டார். அடுத்த நூற்றாண்டின் நடுவில் ஐந்தாண்டு விதி போய், வாழ்நாள் பதவியாயிற்று. 1925-ல் அந்த நாற்காலியில் வந்து அமர்ந்தவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய அதே டோல்கீன். தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைனில் பிறந்தவர், மணமானவர், நான்கு பிள்ளைகளின் தகப்பன், பதவியில் இருந்தது 20 ஆண்டு. ராலின்சனின் விதிப்படி பார்த்தால் வாசற்படி ஏறியிருக்க முடியாது. பேவுல்ஃப் ஒரு காவியம், வெறும் வரலாற்றுச் சான்று அல்ல என்று 1936-ல் அவர் ஆற்றிய சொற்பொழிவு, அந்நூலைப் படிக்கும் விதத்தையே மாற்றியது. இன்று அந்தப் பதவி ராலின்சன், பாஸ்வொர்த் என்ற இரு பெயர்களையும் சேர்த்துத் தாங்குகிறது.

அயர்லாந்துக்காரர் வேண்டாம் என்று எழுதியவரின் திரட்டில்தான் அயர்லாந்தின் தலைசிறந்த கையெழுத்துப் படிகளில் ஒன்று இருக்கிறது. 'ராலின்சன் பி 502' என்பது அதன் எண். கன்றுத் தோலில் எழுதிய இரண்டு தனித்தனிப் படிகளை ஒன்றாகக் கட்டியது. முன்பகுதியில் 12 ஏடுகள்தான், பதினொன்றாம் நூற்றாண்டை ஒட்டியவை. பின்பகுதி பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்தது. அரச வம்சாவளிகளும் கதைகளும், 150 பகுதிகள் கொண்ட ஒரு நீண்ட சமயக் காவியமும் அதில் உண்டு. சர் ஜேம்ஸ் வேர் என்ற டப்ளின் அறிஞரிடமிருந்து பிரபுக்கள் கைகளுக்குப் போய், ஒரு கோமகனின் நூலக ஏலத்தில் ராலின்சனிடம் வந்தது. பழைய ஐரிஷ் மொழியைப் படிப்பவர்களுக்கு அது இல்லாமல் கைகால் ஓடாது. இன்று டப்ளினிலோ கால்வேயிலோ இருக்கும் மாணவர் அதன் ஒவ்வொரு ஏட்டையும் இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். தோலின் துளையைச் சுற்றி எழுத்து விலகி நடப்பதுகூடத் தெரியும்.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. ராலின்சன் எழுநூறுக்கும் மேற்பட்ட செப்புத் தகடுகளை விட்டுச் சென்றார். படம் அச்சடிக்கப் பயன்பட்டவை. 1929-ல் அவற்றுக்கிடையே ஒரு தகடு அடையாளம் காணப்பட்டது. வர்ஜீனியாவின் பழைய தலைநகரான வில்லியம்ஸ்பர்க்கின் கட்டடங்கள், 1740 வாக்கில் இருந்தபடி, வரிசையாகச் செதுக்கப்பட்டிருந்தன: கல்லூரி, சட்டமன்றம், ஆளுநர் மாளிகை. அந்த மாளிகை 1781-லேயே எரிந்துபோனது. ராக்ஃபெல்லரின் பணத்தில் அந்நகரைப் பழையபடி எழுப்பிக்கொண்டிருந்த கட்டடக் கலைஞர்களுக்கு ஜன்னல் எத்தனை, கூரை எப்படி என்று காட்டிய சாட்சி அந்தத் தகடு. பின்னர் போட்லியன் அதைக் கொடுத்துவிட்டது. இன்று அது வில்லியம்ஸ்பர்க்கிலேயே இருக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் அந்தத் திரட்டில் உண்டு. 1660-ல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிக்கி, 19 ஆண்டு கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸை இலங்கையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1679-ல் காட்டு வழியே தப்பி, தமிழ் பேசுவோர் வாழ்ந்த அனுராதபுரப் பகுதியைக் கடந்து, மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டையை அடைந்தார். 1681-ல் வந்த அவருடைய இலங்கை வரலாறு உடனே புகழ்பெற்றது. ஆனால் முதுமையில் அவர் தம் கைப்பட எழுதிய தன்வரலாறு அச்சேறவே இல்லை. ராலின்சன் திரட்டோடு போட்லியனுக்குப் போய்ச் சேர்ந்து, கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. இலங்கை வரலாற்றில் ஆழ்ந்த டொனால்ட் ஃபெர்குசன் அதை அடையாளம் கண்டார். 1911-ல் ஜேம்ஸ் ரயன் பதிப்பில் முதன்முறையாக அச்சாயிற்று. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ நொக்ஸைப் பற்றி எழுதுபவர் எவரும் ராலின்சனுக்குக் கடன்பட்டவர்.

ஒன்றரை நூற்றாண்டு ஏன் கிடந்தது? காரணம் எளிது. பட்டியல் இல்லை. 1755-ல் போட்லியனில் வேலைபார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நூலகத்தில் விளக்கு ஏற்றக்கூடாது, நெருப்பு மூட்டக்கூடாது. பகல் வெளிச்சம் இருக்கும்வரைதான் வாசிப்பு. குளிர்காலத்தில் விரல் விறைக்கும். அந்த நிலையில் ஆயிரக்கணக்கான கட்டுகள் வந்து இறங்கின. அவற்றை முறையாகப் பிரித்துப் பட்டியலிடும் வேலையை முடித்தவர் வில்லியம் டன் மக்ரே. சிறுவனாக 1840-ல் நூலகத்தில் சேர்ந்தவர். திரட்டின் 'ஏ', 'பி' பிரிவுகளின் பட்டியல் 1862-ல் வந்தது, 'சி' 1878-ல், 'டி'யின் கடைசிப் பகுதி 1900-ல். ராலின்சன் இறந்து 145 ஆண்டு. சேர்த்தவரைப் பற்றிப் பேசுகிறோம். எழுதிய கை எது, தேதி எது, அனுப்பியவர் யார் என்று தாள் தாளாகப் பார்த்துக் குறித்த மக்ரேயைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் இல்லையென்றால் ராலின்சன் திரட்டு ஒரு பெரிய அட்டாலியாகவே இருந்திருக்கும்.

இன்று அதே தாள்கள் ஆக்ஸ்போர்டின் வெஸ்டன் நூலகத்தில், 2015-ல் புதுப்பித்துத் திறந்த கட்டடத்தில், வெப்பமும் ஈரமும் அளவாகக் காக்கப்படும் அறைகளில் இருக்கின்றன. மளிகைக் கடைக்குப் போகவிருந்த கணக்கேட்டை இன்று வாசகருக்கு முன்னால் பஞ்சுத் தாங்கியில் சாய்த்து வைக்கிறார்கள். நெருப்பு மூட்டமாட்டேன் என்ற உறுதிமொழி மட்டும் அன்றுபோலவே இன்றும் உண்டு. அன்று ஆக்ஸ்போர்டுப் பட்டம் பெற ஆங்கிலிக்கத் திருச்சபையின் கொள்கையை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். பெண்களுக்கு அங்கே இடமே இல்லை. இன்று எந்த நாட்டவரும், எந்தச் சமயத்தவரும், ஆணும் பெண்ணும், ஆய்வுக் காரணம் காட்டி வாசகர் அட்டை பெற்று அந்த மேசையில் உட்காரலாம்.

ஆய்வின் போக்கும் மாறிவிட்டது. அரசர்களின் வம்சாவளியைத் தேடிய காலத்தில் ஒரு வீட்டுச் செலவுக் கணக்கு யாருக்கும் வேண்டாததாக இருந்தது. இன்று ரொட்டி என்ன விலை விற்றது, வேலைக்காரிக்கு என்ன சம்பளம், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன கஷாயம் என்று கேட்கும் வரலாற்றாசிரியர்கள் 'டி' பிரிவின் கலவையான கட்டுகளைத்தான் முதலில் கேட்டு வாங்குகிறார்கள்.

ஒரு தவறான எண்ணத்தை மட்டும் இங்கே திருத்திவிட வேண்டும். எல்லாம் இணையத்தில் வந்துவிட்டது என்று நம்புகிறோம். ராலின்சன் திரட்டில் படமெடுத்துப் பொதுவில் வைத்திருப்பவை ஒரு சிறு பகுதிதான். 'பி 502' போன்ற புகழ்பெற்றவை முதலில் வந்தன, சாதாரணத் தாள்கள் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன. அவற்றைப் படிக்க நேரில் போக வேண்டும், மக்ரேயின் பட்டியலைப் புரட்ட வேண்டும். இலங்கை, இந்தியக் கடல் வணிகம் பற்றி ஆய்வு செய்யும் நம் இளைஞர்கள் ஆக்ஸ்போர்டு போகும் வாய்ப்பு வந்தால், அலங்காரப் படிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், 'டி' பிரிவில் இரண்டு நாளாவது செலவிட வேண்டும்.